மாதவிக்கு நான் கேட்டது வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பண்டமாரானிலிருந்து கன்னையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் பத்திரிகையின் இந்த மாத இதழ், நாற்பத்தோராம் பக்கம், அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டது.

நான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன். படிவம் மூன்றோடு படிப்பு என்னை விட்டது, நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. என் ஒரே மகள் மாதவி பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துப் பட்டம் வாங்கி எட்டு மாதமாகிறது. எழுதுகிற வேலைக்குத்தான் போவேன் என்று இருக்கிறாள். உங்கள் பத்திரிகைக்குத் துணையாசிரியர் தேவை என்று பார்த்து, பயோடேட்டாவையும் இரண்டு கட்டுரைகளையும் ஈமெயிலில் அனுப்பினாள். மூன்று வாரம் பதில் இல்லை. தினமும் காலையில் போனைப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள். பெற்றவன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? பெரிய மனிதரிடம் ஒரு காரியம் கேட்பதென்றால் நேரில் போக வேண்டும், ஈமெயிலில் என்ன மரியாதை இருக்கிறது என்று தோன்றியது. அந்த இடத்தில்தான் ஐயா என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வழக்கமாக அது அப்படிச் செய்வதில்லை.

அவளுக்குத் தெரியாமல் பயோடேட்டாவை அச்செடுத்தேன். எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குப் போகும் எந்தத் தாளும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாமல் வாசலைத் தாண்டாது. கார் கடன் விண்ணப்பப் பாரத்துக்கே தடவியிருக்கிறேன். பேங்கில் கொஞ்சம் முகர்ந்து பார்த்தார்கள், கடன் கொடுத்தார்கள். இதற்கும் அப்படியே தடவி, தெரியாத எண் வந்தால் அவள் எடுக்கமாட்டாளே என்று என் நம்பரை எழுதி, பாஸ்போர்ட் படத்தில் முறைத்துக்கொண்டு இருக்கிறாளே என்று அதைப் பிய்த்துவிட்டு, சித்தி மகள் கல்யாணத்தில் பட்டுச்சேலையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை ஒட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்சுக்கு வந்து சேர்ந்தேன். உங்கள் முன்மேசையில் ஷாமினி என்று பெயர் அட்டை போட்ட பிள்ளை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தாளை வாங்கி, மஞ்சளைப் பார்த்து, படத்தைப் பார்த்து, "பொண்ணு அழகா இருக்காங்க அங்கிள். சாதகம் இருக்கா?" என்றது.

ஆபீஸில் இதெல்லாமா பார்ப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தமிழ்ப் பத்திரிகையாயிற்றே, பார்ப்பார்கள் போல என்று நானே முடிவு செய்து, "சிம்ம ராசி, மக நட்சத்திரம்மா. ஆனா எங்களுக்கு நல்ல இடமா இருந்தா போதும்," என்றேன்.

"அவசரமா அங்கிள்?"

"எட்டு மாசமா தேடுறோம்மா. சீக்கிரம் அமைஞ்சா நல்லதுலா."

"கவலப்படாதீங்க. இந்த மாசமே வந்துடும்."

வாழைப்பழத்தை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டு, கொமுட்டரில் உட்கார இடம் கிடைத்தும் சந்தோஷத்தில் நின்றுகொண்டே வீடு வந்தேன்.

சொன்னபடியே வந்தது. 'மணமகன் தேவை' பக்கத்தில், பட்டுச்சேலைப் படத்துடன். "மாதவி, வயது 23. பிழை திருத்துவதில் அனுபவம். நெருக்கடியிலும் குறித்த நேரத்தில் பணி முடிப்பவர். எதிர்பார்க்கும் சம்பளம் மாதம் 2,500 வெள்ளி. உடனடியாகச் சேரத் தயார்."

நான்கு நாளில் முப்பத்தோரு அழைப்பு. டெங்கிலிலிருந்து ஓர் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா மருமகளுக்குச் சம்பளம் குடுக்குற வழக்கம் எங்க வீட்டுல இல்லைங்களே," என்றார். இன்னொருவர் இரண்டாயிரத்துக்கு முடியுமா என்று பேரம் பேசினார். காஜாங்கில் ஒரு பெரியவர், தன் மகன் எதையும் நேரத்தில் முடித்ததே இல்லை, இப்படி ஒரு பெண்தான் வேண்டும் என்று கெஞ்சினார். வண்டியை ஓரங்கட்டி நான் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் ராஜன் வந்து, "என்னண்ணே, கல்யாண ஏஜென்சி தொறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மாதவி சிரிக்கவில்லை ஐயா. கத்தவும் இல்லை. "ஈமெயில்ல அனுப்பச் சொன்னாங்கப்பா, அனுப்பிட்டேன். இந்த ஊர்ல தமிழ்ப் பத்திரிகை எத்தன இருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம். இனிமே என் பேரப் பாத்தா யாரு என்னைய எழுதக் கூப்பிடுவா?" என்று மட்டும் கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது. சாப்பாட்டு மேசையில் அவள் அம்மா லோகேஸ்வரிதான் எங்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர். எட்டு மாதம் தளராத பிள்ளை, நேற்று துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று அம்மாவிடம் விசாரித்திருக்கிறாள். நான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஷாமினியைத் திட்டாதீர்கள். அந்தத் தாளைப் பார்த்தால் நானும் கல்யாணம் என்றுதான் நினைத்திருப்பேன். இரண்டே வேண்டுகோள். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். மகளை ஒருமுறை நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள். எழுத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் அவள் தாங்கிக்கொள்வாள். தகப்பன் மடையன் என்பதற்காக வேண்டாம் என்றால் அது நியாயமில்லை.

உங்கள் பிள்ளைகள் கேட்காமலே நல்ல வேலையில் அமர, பத்துமலை முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
கன்னையா த/பெ இராமலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முப்பத்திரண்டாவது அழைப்பு வந்தது. செராஸில் பள்ளிப் பயிற்சி நூல்கள் பதிப்பிக்கும் வெரோனிகா என்ற அம்மையார். "அண்ணே, எனக்குப் பையனே இல்ல. இது வேலைக்கு எழுதுனதுதானே? புரூப் பாக்க ஆள் இல்லாம தவிச்சிக்கிட்டு இருக்கேன், பொண்ணுகிட்ட போனைக் குடுங்க," என்றார். கொடுத்தேன். திங்கட்கிழமை சேருகிறாள். ஆகவே மேலே கேட்ட திருத்தமும் வேண்டாம், நேர்காணலும் வேண்டாம். கடிதத்தை மாதவியிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, ஐந்து நாளுக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தாள். "எனக்காக இத்தன பக்கம் எழுதிருக்கீங்க. நான் அனுப்புன கட்டுரை ரெண்டும் எதப் பத்தின்னு ஒரு வரிகூட இல்லையேப்பா."

எனக்குத் தெரியாது ஐயா. நான் படித்ததில்லை. இரண்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முதல் கட்டுரையில் மூன்றாம் பக்கம் வரை வந்திருக்கிறேன். நீங்களும் படித்துப் பாருங்கள், உங்கள் ஈமெயிலில்தான் இருக்கிறது.