1,760 சென்டிமோர்கன் அத்தை

உலக விஞ்ஞான வரலாற்றில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓர் இடம் உண்டென்றால், அது வாழையிலைக் கடையின் மேல்மாடியில் இயங்கும் எங்கள் ‘கங்காணி கார்த்திகேசு வம்சாவளிக் கழக’த்தால் கிடைத்ததுதான். அடியேன் அதன் செயலாளர்.

தோட்டத் தொழிலாளர்களை மேய்த்த கங்காணியாரின் நூற்றாண்டு மலரில் வம்ச மரம் அச்சிட வேண்டியிருந்தது. “நம்ம வம்சம் சுத்தம்னு சைன்ஸே சொல்லணும் லா” என்று, அவருடைய ஒரே மகனும் எங்கள் தலைவருமான பழனியப்பன் மரபணுச் சோதனைக் குழாயில் எச்சில் துப்பினார். உறவினர்களான நாங்களும் கண்ணியமாகத் துப்பினோம்.

இருவருக்கும் பொதுவான மரபணுவை ‘சென்டிமோர்கன்’ கணக்கில் அளக்கிறார்கள். எண் ஏற ஏற உறவு நெருக்கம். பட்டியலில் தலைவருக்கு மிக நெருக்கமாக வந்தது நாங்கள் யாருமில்லை. தன் மகள் வற்புறுத்தி எங்கேயோ துப்பியிருந்த கேரி தீவுத் தோட்டத்து லெட்சுமி. 1,760!

தன் பட்டியலில் தலைவர் பெயரைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறே அவர் கிள்ளானில் ரயிலேறி வந்துவிட்டார்.

“அண்ணே, சொத்து கித்து எதுவும் வேணாம். மலர்ல அப்பா பேருக்குக் கீழ என் பேரு ஒரு வரி போடுங்க. சாகுற வரைக்கும் எங்கம்மாவ எல்லாரும் பொய்க்காரின்னாங்க.”

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு ‘அவசரக் கூட்டம்’ கூட்டினோம். விளக்க அட்டவணையை நான் வாசித்தேன். 1,760 என்றால், லெட்சுமி தலைவருக்கு, அவர் அப்பாவின் வேறொரு தாரத்தில் பிறந்த தங்கையாக இருக்கலாம். அத்தையாக இருக்கலாம். பாட்டியாகவும் இருக்கலாம்.

“அப்ப நாமளே செலெக்ட் பண்ணிக்கலாமா?” தலைவரின் முகம் மலர்ந்தது.

ஜனநாயக முறைப்படி வாக்கெடுப்பு. லெட்சுமி தலைவரைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் ‘பாட்டி’ தள்ளுபடி. ‘தங்கை’யை முன்மொழிய ஆளில்லை. ‘அத்தை’ என்றால் பழி கங்காணியாரைத் தாண்டி அவருடைய அப்பாவுக்குப் போய்விடும். அவருக்குக் கழகச் சுவரில் படம்கூடக் கிடையாது.

பொருளாளர் ராஜன் மட்டும் தலையைச் சொறிந்தார். “பாஸ், உங்க தாத்தா செத்து பதினஞ்சு வருசம் கழிச்சுத்தான் இவங்க பொறந்திருக்காங்க.”

“அந்தக் காலத்து உடம்பு லா. கெட்டி.”

விஞ்ஞானம் திருப்தியடைந்தது. ஏழு கைகள் உயர்ந்தன.

லெட்சுமியை அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். “ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை” என்று தலைவர் காலில் விழுந்தார்.

லெட்சுமி பொன்னாடையை மடித்து மேசையில் வைத்தார். “எந்திரிங்கண்ணே. அப்பாவும் இப்படித்தானாம். எங்கம்மா முகத்தப் பாத்துப் பேச மாட்டாராம்.”

மலர் அழகாக வந்தது. ‘இடமின்மை’ காரணமாக அத்தையும் விடுபட்டுப்போனார். ‘கங்காணியாருக்கு ஒரே வாரிசு’ என்ற வரியைத் தேன்தமிழில் எழுதித் தந்தவன் நான். லெட்சுமியின் தாய் உயிரோடு இருந்தவரை அவரைப் பொய்க்காரி என்றவர்களிடம் ஆதாரம் இல்லை. நாங்கள் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே சொன்னோம்.