மிளகு பாயும் கண் தெரியாத டெலஸ்கோப்பும்

கொல்லிமலையில் மிளகைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்பவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். கைக்கு எட்டினால் நட்சத்திரத்தையும் கடித்துப் பார்த்திருக்கக் கூடியவர் ஒருவர்தான். அவர் மிளகு பாய்.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் நான் மருந்துக்கடை வைத்திருந்தபோது பக்கத்துக் குடோன் அவருடையது. வீடு அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில். மிளகு சீசனில் மட்டும் மலையேறி வந்து குடோனிலேயே தங்கிவிடுவார். விவசாயி மூட்டையை அவிழ்த்ததும் நாலு மிளகை வாயில் போடுவார். 'கடக்'கென்று உடைந்தால் முகம் மலரும். நசுங்கினால், "இன்னும் ரெண்டு வெயில் காட்டுங்க சாமி" என்று மூட்டையைத் திரும்பக் கட்டச் சொல்லிவிடுவார். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் ஈரம்தான் காரணம் என்பது அவர் கட்சி. எனக்கு இருமல் வந்தால் ஈரம். பஸ் லேட்டாக வந்தால் அதுவும் ஈரம்.

அப்படிப்பட்டவர் ஒரு தை மாதம் டெலஸ்கோப்போடு வந்து இறங்கினார். பெரிய ஃபிளாஸ்க் உயரம்தான். நட்சத்திரத்தைத் தானே தேடி, தானே ஃபோகஸ் செய்து, படத்தைப் போனுக்கு அனுப்பிவிடுமாம். வீட்டில் சொல்லாமல் வாங்கியது. விஷயம் தெரிந்து வீட்டம்மா சத்தம் போட, சமாதானத்துக்கு நெட்டில் கிடைத்த ஒரு படத்தை "நானே எடுத்தது" என்று அனுப்பிவைத்தார். படத்தின் மூலையில் எடுத்தவர் பெயர் இருந்ததை பாய் கவனிக்கவில்லை. அந்த அம்மா கவனித்துவிட்டார்.

தீர்ப்பு போனில் வந்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நானே மேல வாரேன். என் கண்ணு முன்னால ஒரு படம், ஒரே ஒரு படம், தெளிவா வரணும். வரலீன்னா அந்தச் சாமான் என் தம்பி கடைக்குப் போயிரும்."

தம்பிக்கு நாமக்கல்லில் பழைய போன் வாங்கி விற்கும் கடை.

பாய்க்கு ஆறு நாள் இருந்தது. முதல் நாள் குடோன் கதகதப்பிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்து, மூடியைக் கழற்றாமலே அரைமணி நேரம் வானத்தைத் திட்டினார். மூடியைக் கழற்றிய பிறகுதான் உண்மையான வியாதி தெரிந்தது. ஆட்டோஃபோகஸை அழுத்தினால் உள்ளே மோட்டார் முன்னே போய்ப் பின்னே வந்து ஒரு பாட்டம் அழும். நட்சத்திரமெல்லாம் ஊசிமுனையாகத் தெளியும். பாய் "வந்துட்டாருங்க" என்று குரல் கொடுத்து, நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் ஒவ்வொரு நட்சத்திரமும் ஓட்டை வைத்த உளுந்துவடை ஆகியிருக்கும்.

மறுநாள் டெலஸ்கோப்போடு கடைக்கு வந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் கேட்டார்.

"யாருக்கு பாய் அடி?"

"அடியில்லீங்க. இவருக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

"கண்ணுக்குச் சொட்டு மருந்து தரட்டுமா?"

"இவருக்கு ஒத்துக்குமுங்களா?" என்றார், சிரிக்காமல்.

பஞ்சு பலிக்காததும் தன் கட்சிக்கே திரும்பினார். ஈரம். களத்தில் காயும் மிளகுக்கு நடுவே சாக்கை விரித்து டெலஸ்கோப்பைப் படுக்கவைத்தார். மிளகைக் கிளறும்போதெல்லாம் அதையும் புரட்டிப் போட்டார். சாயங்காலம், காய்ந்த மிளகைச் சூட்டோடு மூடிவைப்பதுபோல அதையும் சாக்கில் சுற்றி, பனி படாமல் வைத்து, ஏழு மணிக்குத்தான் வெளியே எடுத்தார். அன்றைக்கு வடை இன்னும் பெரிதாக வந்தது. "ஈரம் உள்ள எறங்கிருச்சுங்க" என்று அடுத்த நாள் கூடுதலாக ஒரு சாக்கு சுற்றினார். சனிக்கிழமை அதன் திருகுக்குப் பக்கத்தில் அவர் வாயைக் கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்தேன். கடிக்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் முகர்ந்து வந்த எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் பெரிய கட்டைப்பை. பையை விரித்து டெலஸ்கோப்புக்கு அளவு பார்த்தார். தாராளமாகக் கொள்ளும் போலிருந்தது.

ஏழு மணிக்கு பாய் சாக்கை அவிழ்த்தார். கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே உள்ள நெபுலா என்கிற விண்மேகம்தான் குறி. தெளிந்தது. வடையானது. மறுபடி தெளிந்தது. மறுபடி வடை. அந்தக் குளிரிலும் பாய்க்கு நெற்றியில் வேர்த்தது. ஒரு வாரமாகச் சிரித்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

வீட்டம்மா பையோடு எழுந்து வந்து டெலஸ்கோப்பில் கை வைத்தவர், அப்படியே நின்றார்.

"ஏனுங்க, இதென்ன இப்படிக் கதகதன்னு இருக்குது?"

"காயவெச்சேன். ஈரம் போவணுமில்ல."

"இதென்ன மொளகாங்க? சூடான சோத்தப் போட்டு மூடின தூக்குப்போசி ஆறினா மூடி இறுகிக்கிதில்ல? ஆற ஆற இதும் சுருங்கும். அது ஒரு எடத்துல கண்ண வெக்கறதுக்குள்ள எடமே மாறிப்போவுது. பேசாம ஒரு மணி நேரம் காத்தாட வைங்க."

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் டெலஸ்கோப் அன்றைக்கே மலையிறங்கியிருக்கும். அது அவருக்கும் தெரியும். கட்டைப்பையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து பாய் பயந்து பயந்து அழுத்தினார். மோட்டார் அழுது ஓய்ந்தது. நட்சத்திரம் தெளிந்தது, தெளிந்தபடியே நின்றது. போனில் ஒரு மேகம் கொஞ்சம் கொஞ்சமாக ரோஜா நிறத்தில் இறக்கை விரித்தது.

வீட்டம்மா போனைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது இத்தன நாளும் இங்கயேதான் இருந்துச்சுங்களா?"

ஆறு நாள் உயிரை விட்டுத் தேடிய படத்தை பாய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் வெளிச்சத்தில் தெரிந்த வீட்டம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கிண்டல் செய்ய நாலைந்து வரி சேர்த்துவைத்திருந்தேன். சொல்ல மனசு வரவில்லை. அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சத்தமில்லாமல் எழுந்து போய், வாசலில் அவர்கள்மேல் விழுந்துகொண்டிருந்த என் கடை விளக்கை அணைத்தேன்.