விழுகிற டீச்சர்

மதுரை ஜில்லாவிலேயே கீழே விழுவதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரே ஆசிரியை எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. விழுகிற டீச்சர் என்றால் கைக்குழந்தைகூட எங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் கை காட்டும்.

சமணர் மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி. நான் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர், அவர் ஐந்தாம் வகுப்புக்கு. நடுவில் ஒரு தட்டிதான். வந்த அன்றைக்கே தன் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார். உட்கார்ந்தால் அவருக்குப் பாடம் வராதாம். நாள் முழுக்கத் தட்டிக்கு அந்தப்புறம் நடந்துகொண்டே இருப்பார். என் பிள்ளைகளின் கண்ணும் தட்டியோடேயே போய்ப் போய் வரும்.

முதல் வாரம் அவர் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏழெட்டு எம்புட்டு?"

பையன்கள் கூரை அதிர பதில் சொன்னார்கள்.

"பசங்க பேசக்கூடாது. பொம்பளப்புள்ளைங்க சொல்லுங்க."

ஒரு சத்தமும் இல்லை. விடை தெரியாமல் இல்லை. தப்பாகிவிட்டால் சிரிப்பார்களே என்ற பயம்.

"சரி, யாரும் சரியாச் சொல்ல வேணாம். தப்பா மட்டும் சொல்லுங்க."

மெல்ல ஒரு குரல், "நூறு." இன்னொன்று, "ஆயிரம்." மூன்றாவது குரல், "மாடு." ஒவ்வொன்றுக்கும் டீச்சர் கைதட்டினார். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"என்ன டீச்சர் இது, ஏழெட்டு மாடா?"

"இல்ல சார். ஆனா அந்தப் புள்ள இன்னைக்குத்தான் வாயத் தொறந்துச்சு."

அதிலும் வாய் திறக்காத ஒருத்தி இருந்தாள், பேச்சி. வாசிக்கச் சொன்னால் புத்தகத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிப்பாள். ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது என்று வீட்டில் பேச்சு. அடுத்த பள்ளிக்கூடம் தூரம். பஸ் நினைத்தால் வரும். பையன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள்.

ஒருநாள் டீச்சர் சத்துணவு அம்மாவின் லேடீஸ் சைக்கிளைக் கடன் கேட்டு மைதானத்துக்கு உருட்டி வந்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது. யாரு சொல்லித் தருவீங்க?"

பையன்கள் எல்லாருடைய கையும் மேலே போனது. பேச்சியின் கை காதுவரை வந்து, அங்கேயே சொறிகிற மாதிரி நின்றது. அண்ணன் சைக்கிளைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகியவள் அவள்.

"நீ வாம்மா," என்றார் டீச்சர்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் டீச்சர் விழுந்தார். வேப்பமரத்தில் மோதி விழுந்தார். குழாயடிச் சேற்றில் விழுந்தார். ஒருமுறை நேரே சுவரைப் பார்த்துப் போனபோது, "டீச்சர், பிரேக்கு! பிரேக்கப் புடிங்க!" என்று ஒரு அலறல். யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று தலைமையாசிரியர் கம்போடு வெளியே வந்தார். பேச்சிக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டீச்சர் விழுந்து எழுந்த பிறகு மற்றப் பெண்பிள்ளைகளும் சைக்கிளுக்கு வரிசையில் நின்று விழுந்தார்கள். ஊரெங்கும் முழங்கால் சிராய்ப்பு. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாமார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் நின்றவர் பேச்சியின் அப்பா.

"படிக்க அனுப்புனா, புள்ளைகளக் கீழ தள்ளி விடுறீகளா டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. பேச்சியைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்று அவர் முந்தானையை இழுத்தேன். அவர் அசையவில்லை.

பேச்சி எழுந்தாள்.

"யாரும் தள்ளலப்பா. டீச்சருக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஆறாப்புக்குச் சைக்கிள்ல போக எனக்குத் தெரியாதா?"

அவள் அப்பா டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சர் விழுந்தாகளா?"

"நெறைய."

"நீ?"

அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது கெணத்துப் படியில விழுந்ததுன்னு சொன்னியே."

அவள் முழங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சைக்கிள் கடை வைத்திருந்த இன்னொரு அப்பாவிடம் திரும்பி, "மாப்ள, அவ அண்ணன் வண்டிக்கு பிரேக்கு கட்டை மாத்தணும். சீட்டையும் எறக்கணும்," என்றார்.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை தல்லாகுளத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் புகுந்து, ஒரு ஆட்டோவை ஓரங்கட்டி, ஒரு ஸ்கூட்டர் பறந்தது. ஓட்டியது நம்முடைய டீச்சர்.

திங்கட்கிழமை பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்தானே?"

"காலேஜுக்கே சைக்கிள்லதான் போனேன். அதுக்காக விழுறது லேசுன்னு நெனச்சுக்கிறாதீங்க டீச்சர். முட்டி நெசமாவே பேந்து போச்சு."

அந்த ரகசியத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பேச்சி ஒருநாள் பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்தி என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் அவளே சொன்னாள்.

"அவுகளுக்கு ஓட்டத் தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். விழுகப் போறதுக்கு முன்னாடி மூக்குக் கண்ணாடியக் கழட்டி என்கிட்ட குடுத்துருவாக."

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"பாவம், ஆசையா விழுகுறாக. எதுக்குச் சொல்லணும்?"

இந்த வருஷம் டீச்சருக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் மாறுதல் ஆகிவிட்டது. அங்கே யார் முன்னால் எதிலிருந்து விழுகிறாரோ தெரியாது. ஆனால் பள்ளி விட்டதும் எனக்குப் போன் வந்துவிடும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "இன்னைக்கு உங்க கிளாஸ்ல எந்தப் புள்ள புதுசா வாயத் தொறந்துச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு வேறு வேலை இல்லையா என்று சலித்துக்கொண்டேதான் பதில் சொல்வேன்.

நேற்று போன் வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து பார்த்தேன். பிறகு நானே கூப்பிட்டேன்.