சிவப்பு விளக்கில் மூன்று வரி

"மாஸ்டர், பச்சை விழுந்துடுச்சு."

பக்கத்து இருக்கையில் இருந்த ஓட்டுநர் பயிற்றுநர் கண்ணைத் திறக்கவில்லை. பொறுங்கள் என்பதுபோல் கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

"பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க மாஸ்டர். கிளம்பட்டுமா?"

"இருங்க. ரெண்டாவது வரியில இருக்கேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மருந்துக்கடைக்காரர், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் உள்ள வேறுபாட்டை அப்போதுதான் ஒருவாறு புரிந்துகொண்டிருந்தார். இரண்டாவது வரி எந்தக் காலுக்கு உரியது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு லாரியும் அதன் பின்னால் ஒரு பேருந்தும் ஊளையிட்டன. பயிற்றுநர் மூன்றாவது வரியையும் நிதானமாக முடித்துக் கண்ணைத் திறந்து, "ம், எடுங்க" என்றபோது விளக்கு மறுபடியும் சிவந்திருந்தது. சிவந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் ஒரு பிரசங்கத்தில் தொடங்கியது. "நற்செய்தி என்பது ஒருநாள் கேட்டுவிட்டு மூட்டைகட்டி வைப்பதற்கல்ல, அன்றாடம், வேலைக்கு நடுவிலும், அதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டும்" என்றார் போதகர். சபை முழுவதும் தலையசைத்தது. தலையசைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனது. பயிற்றுநர் ஒருவர்தான் அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டார். கண்ணாடி பார், கியர் போடு, கை காட்டு என்று எதையும் ஒழுங்குமுறையாக மாற்றாமல் அவரால் இருக்க முடியாது. நற்செய்தியையும் மூன்று வரியாகச் சுருக்கிக்கொண்டார்: நான் தவறியவன். என்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. எனக்காக ஒருவர் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார். சிவப்பு விளக்கைக் காணும்போதெல்லாம் இந்த மூன்றையும் மனம் தோய்ந்து சொல்வது என்று தீர்மானித்தார்.

பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"என்னய்யா, நடுரோட்டுல தூக்கமா?"

"யாரைப் பாத்துய்யா தூக்கம்ங்கிற? ரோடு என்ன உங்கப்பன் போட்டதா? இன்னொரு தடவை ஹாரன் அடிச்சே, அந்தக் கையை உடைச்சுடுவேன்!"

லாரிக்காரர் திகைத்துத் திரும்பிப் போனார். பயிற்றுநருக்கு உடனே மனம் உறுத்தியது. எவ்வளவு கடுமையான சொல்! முதல் வரியிலிருந்து தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் பச்சை விழுந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "அந்தச் சிவப்பு விளக்கு வேண்டாமே. வீட்டுல உக்காந்து அமைதியா நினைச்சுக்கக் கூடாதா?"

"வீட்டுல யாரு வேணா நினைப்பாங்க. வேலையில நினைக்கணும். கிருபையோட அருமை அங்கதான் தெரியும்" என்றவர், சாப்பாடு ஆறிப்போய்விட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. விளக்கை விட்டுவிட்டு பிரேக்குக்கு மாறினார். பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கும்போதெல்லாம் மூன்று வரியை நினைப்பது; யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இரண்டொரு நாள் நன்றாகவே போயிற்று. பிறகு, காலை முழுவதும் பிரேக்கே போடவில்லையே, ஆண்டவரை மறந்துவிட்டோமே என்ற கலக்கம் அவரைப் பிடித்தது. காலியான சாலையில், எதிரே ஈ காக்கை இல்லாதபோது, ஓங்கி மிதித்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வங்கி ஊழியரின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது.

"என்ன மாஸ்டர், குறுக்க யாராவது வந்தாங்களா?"

"இல்ல. ஒரு பழைய பாவம் ஞாபகம் வந்துச்சு."

மறுநாள் வங்கி ஊழியர் நெற்றியில் பிளாஸ்திரியோடு பயிற்சிப் பள்ளி உரிமையாளரின் அறையில் நின்றார். "உங்க மாஸ்டர் பாவம் செய்யாத நாளாப் பாத்து எனக்கு வகுப்பு போடுங்க சார்" என்பது அவருடைய விண்ணப்பம்.

பயிற்றுநர் இதற்கும் ஒரு வழி கண்டார். தாம் நினைத்தால்தானே கவனம் சிதறுகிறது? மாணவர்களே உரக்கச் சொன்னால் அவர் காதால் கேட்டுக்கொள்ளலாம். கண் சாலையிலேயே இருக்கும். அன்றிலிருந்து சாவியைத் திருகியதும் மூன்று வரியைச் சொல்லாமல் எவரும் கியரைத் தொடக் கூடாது என்று விதித்தார். எந்தச் சபைக்கும் போகாத மருந்துக்கடைக்காரர்தான் அதை எல்லாரையும்விடத் திருத்தமாகப் பாடம் செய்தார். இன்ஜினை இயக்கும் வழிமுறைகளில் அதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்.

லைசன்ஸ் தேர்வு நாளில், ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்புமாறு தேர்வு அதிகாரி பின்னிருக்கையிலிருந்து சொன்னார். பயிற்றுநர் முன்னிருக்கையில் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். மருந்துக்கடைக்காரர் சாவியைத் திருகினார்.

"நான் தவறியவன்."

"இன்னும் தவறலையே. ஓட்டுங்க" என்றார் அதிகாரி.

"என்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது."

"அப்ப வண்டியை ஓரங்கட்டுங்க."

மருந்துக்கடைக்காரர், பாதியில் நிறுத்தினால் வண்டி பின்னோக்கி உருண்டுவிடும் என்று பயந்து, மிச்சத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்: "எனக்காக ஒருவர் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார்!"

அதிகாரியின் முகம் சிவந்தது. "ஓஹோ! யாருய்யா அந்த ஒருத்தர்? என் ஆபீஸ்லயே இருக்கானா?"

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் விசாரணை நடந்தது. காசு வாங்கிக்கொண்டு லைசன்ஸ் எடுத்துத்தரும் இடைத்தரகர் எவரும் இல்லை, இது இரட்சிப்பைப் பற்றிய விஷயம் என்று விளக்கி முடிப்பதற்குள் உரிமையாளருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவர் பயிற்றுநரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வேறு ஆளாக இருந்தால் அன்றே வாசலைக் காட்டியிருப்பார்.

"மாப்ளே, அதே பிரசங்கத்தை நானும் கேட்டேன். உன் பக்கத்து பெஞ்சுலதான் இருந்தேன். நானும்தான் தலையாட்டினேன். ஆட்டினதோட நிறுத்திக்கத் தெரியுதா இல்லையா எனக்கு?"

"அதுதான் மச்சான் உங்ககிட்ட உள்ள குறை."

பயிற்றுநரின் மாணவர்கள் எல்லாரும் அன்றே வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய அவமானம் அந்தத் தொழிலில் இல்லை. புதிதாகச் சேர வருபவர்கள் அவரிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து உரிமையாளர் ஓர் அம்மாளை அழைத்துவந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கறுப்புக் கண்ணாடி, தட்டையான செருப்பு, தோளில் ஒரு துணிப்பை.

"மாப்ளே, இனிமே உனக்கு இவங்க மட்டும்தான்."

"ஒரே ஒரு ஆளா? எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் மச்சான் நான்!"

"இவங்க லைசன்ஸ் வாங்கட்டும். மறுநாளே எல்லாரையும் பழையபடி உன்கிட்ட விடறேன். இது சத்தியம். அதுவரைக்கும் இவங்க உன் பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதி."

கடைசி வாக்கியத்தைப் பயிற்றுநர் கவனித்திருக்கலாம். தம் உள்ளத்தை ஓயாமல் ஆராய்பவருக்குப் பிறர் பேச்சை ஆராய நேரம் ஏது?

கறுப்புக் கண்ணாடி அம்மாள் வந்தபிறகு எல்லாத் தொல்லையும் தீர்ந்தது. பயிற்றுநர் சிவப்பு விளக்குக்கே திரும்பினார். கண்ணை மூடுவார், மூன்று வரியையும் ஆற அமரச் சொல்வார், திறந்து பார்த்தால் வண்டி இரண்டு தெரு தாண்டிப் பதமாகப் போய்க்கொண்டிருக்கும். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு முறை, ஆளில்லாத தெருவாகப் பார்த்து, அம்மாள் இன்ஜினை அணைத்துவிட்டு விழிப்பார்.

"கிளட்சை மெதுவா விடணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"கால் சொன்னபடி கேக்க மாட்டேங்குது மாஸ்டர்."

"பயப்படாதீங்க. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நீங்க தப்பு பண்ணினாலும் நான் காப்பாத்திடுவேன். அந்த நம்பிக்கையோட ஓட்டுங்க."

"அந்த நம்பிக்கையிலதான் ஓட்டறேன் மாஸ்டர்" என்பார் அம்மாள். பயிற்றுநரின் கால் அந்த நேரத்தில் பிரேக்கின்மேல் இல்லை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

ஜெபக்குழுவில் பயிற்றுநர் சாட்சி சொன்னார். "நற்செய்தியை நினைக்க நினைக்க வண்டி தானா ஓடுது. நான் கண்ணை மூடிக்கிட்டாலும் ஓடுது!"

குழு, "அல்லேலூயா" என்றது. போதகர் மட்டும், "கண்ணை மூடிக்கிட்டாலுமா?" என்று கவலையோடு கேட்டார். தம்மைப்போல் தாழ்மையாக நற்செய்தியை நினைப்பவர் இந்தச் சபையில் எவருமில்லை என்ற எண்ணம் பயிற்றுநருக்கு அன்றுதான் உறுதிப்பட்டது.

ஆனால் நாற்காலி அவமானம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அம்மாள் தேறிவிட்டால் மாணவர்கள் திரும்பிவிடுவார்கள். அம்மாளோ தேர்வு என்றாலே நழுவினார். மச்சான் பேச்சை மாற்றினார். மனைவிகூட, "அவங்க பாட்டுக்கு ஓட்டட்டுமே. அவங்க வண்டியில இருக்கிறவரைக்கும் எனக்கு வயித்துல பயமில்ல" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எல்லாரும் சேர்ந்து தம்மைத் தலையெடுக்க விடாமல் செய்வதாகப் பயிற்றுநர் முடிவுக்கு வந்தார். யாரிடமும் சொல்லாமல் தேர்வுக்கு நாள் வாங்கினார்.

அன்று காலை வண்டி வழக்கமான வளைவில் திரும்பவில்லை.

"இது புது வழியா இருக்கே மாஸ்டர்?"

"டெஸ்ட்டுக்குப் போறோம்."

அம்மாளின் காலடியில் இன்ஜின் முதன்முறையாக உண்மையிலேயே அணைந்தது.

"உங்க மச்சானுக்குத் தெரியுமா?"

"பாஸ் பண்ணிட்டுப் போய்ச் சொல்லிக்கலாம்."

"வேண்டாம் மாஸ்டர். நான் இன்னும் சரியாப் பழகல. பாருங்களேன்!"

உடனே பழகாமையின் அத்தனை அடையாளங்களும் வெளிப்படத் தொடங்கின. இண்டிகேட்டர் போட வேண்டிய இடத்தில் கண்ணாடித் துடைப்பான் ஓடியது. மூன்றாவது கியர் இருக்கவேண்டிய இடத்தில் முதல் கியர் உறுமியது. ஓரக்கல்லை நோக்கி நேரே போன வண்டி, ஒரு விரற்கடை இருக்கும்போது ஒடிந்து திரும்பியது. பயிற்றுநரின் பொறுமை அந்த ஓரக்கல்லிலேயே முட்டி உடைந்தது.

"உங்களுக்கு அறிவிருக்கா? இவ்வளவு நாள் தொண்டை கிழியக் கத்துக்கொடுத்தேனே! என் மானம், பிழைப்பு, எல்லாம் உங்க கையில தொங்குது. இன்னிக்கு ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு பண்ணினாலும் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

எதிரே சிவப்பு விழுந்தது. பயிற்றுநர் கண்ணை மூடினார். நான் தவறியவன். என்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. கண்ணோரம் ஈரமாயிற்று. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததை அவர் உணரவில்லை. குறுக்குச் சாலையில் விளக்கை மதிக்காமல் பாய்ந்துவந்த வேனையும், அவருடைய கதவுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாணே எஞ்சியிருந்ததையும் காணவில்லை. வண்டி சட்டென்று வலப்புறம் ஒடிந்து, குலுங்கி, நின்றது. அவருடைய தலை கண்ணாடியில் மெல்ல இடித்தது.

"மூணாவது வரியில இருக்கும்போது எதுக்குக் குலுக்கினீங்க?"

அம்மாள் மூச்சு வாங்கினார். "மன்னிச்சுடுங்க மாஸ்டர். கால் தவறிடுச்சு."

"சரி, இந்த ஒரு தடவை மன்னிச்சேன். அங்க வந்து தவறாதீங்க."

தேர்வு மைதானத்தில் நின்றவர் அதே அதிகாரிதான். பயிற்றுநர் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினார். கைகளைக் கூப்பவில்லை என்பதுதான் குறை.

"சார், பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. இவங்க ஒருத்தர்தான் எனக்கு மிச்சம். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாம வந்தவங்க. இன்னிக்கு இவங்களுக்குத் தெரிஞ்சது அத்தனையும் நான் போட்ட பிச்சை. இவங்க பாஸ் பண்ணினாத்தான் என் ஸ்டூடன்ட்ஸ் எனக்குத் திரும்பக் கிடைப்பாங்க. சின்னத் தப்பு ஏதாவது பண்ணினா, தயவுசெஞ்சு மன்னிச்சு விட்டுடுங்க. கிருபைன்னு ஒண்ணு இருக்கில்ல சார்?"

"தப்புக்கு மார்க் குறைப்பேன். கிருபைக்கெல்லாம் இங்க கட்டம் இல்ல" என்றபடி அதிகாரி வண்டியின் ஜன்னலில் குனிந்தார். "கண்ணாடியைக் கழட்டுங்கம்மா. முகத்தைப் பாக்கணும்."

அம்மாள் பயிற்றுநரை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார்.

அதிகாரி விறைப்பாக நிமிர்ந்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகி, காலரைச் சரிசெய்துகொண்டு, பயிற்றுநர் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு நான் என்னத்தை சார் டெஸ்ட் வைக்கிறது? எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்ததே இவங்கதானே!"