எருமைக்கு ஒரு நன்றித் தீர்மானம்

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் தோன்றியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தோன்றியது எங்கேயோ இருக்கட்டும். அது முழுமை பெற்று வந்து உட்கார்ந்த இடம் திருத்தணியில் எங்கள் ஏழு பேருடைய சட்டைப்பை. 'தணிகை மடக்குக்கத்தி ரசிகர் பேரவை'யின் செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் கத்திகளைச் செய்பவர் தணிகைமணி. அரக்கோணம் சாலையில் பட்டறை. லாரியின் வில்பட்டையை அடித்து அலகு. புளியமர வைரத்திலோ எருமைக்கொம்பிலோ பிடி. பாதி நாள் பிடியைத் தேய்ப்பதிலேயே போகும். கொம்புப் பிடியை வெயிலில் காட்டினால் உள்ளே தேன் நிறத்தில் வரி ஓடும். அதைப் பார்த்து எங்கள் தலைவர் ஜெகநாதன் கண்கலங்கியதை நானே கண்டிருக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனு கொடுத்தவர்கள் எதிரே நின்று அழுதபோதுகூட அசையாதவர்.

பேரவைக்கு விதிகள் இரண்டு. கத்தியால் எதையும் வெட்டக்கூடாது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் பகை. தாம்பாளத்தில் வைக்கவேண்டும்; வேண்டியவர் எடுத்துக்கொள்ளவேண்டும். இதனால் எங்களுக்குள் இன்றுவரை சண்டை இல்லை. மாம்பழத்தையும் கடித்தே தின்கிறோம்.

போன ஞாயிறு மலையடிவாரத் தோப்பில் ஆண்டுக் கூட்டம். பிடிக்குக் கொம்பு கொடுக்கும் எருமை இனத்துக்கு நன்றி தெரிவிப்பது முக்கியத் தீர்மானம். "எருமையே, நீ இல்லையேல் நாங்கள் இல்லை" என்று தலைவர் உருகிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ முக்குவது போலச் சத்தம் கேட்டது.

நிஜமாகவே ஓர் எருமை. மரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். மேய்ந்தபடியே மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் நைலான் கயிறு கழுத்தை இறுக்கி, முன்னங்கால் மடிந்து, நாக்குத் தள்ளிக் கிடந்தது. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

"கயித்த அறுக்கணும்," என்றார் தலைவர். "செயலாளர், உங்க கத்தி?"

"என்னுது புளிய வைரங்க. மாட்டு எச்சி பட்டா கறை புடிச்சிக்கும். உங்களுது?"

"கொம்புப் புடியாச்சே. அத்த எடுத்துகினு எருமைகிட்ட போனா அதும் மனசு இன்னா பாடுபடும்?"

கூட்டத்துக்கு வந்திருந்த தணிகைமணியே எச்சரித்தார். "நைலான அறுத்தா அலகு மழுங்கும் நைனா. நான் பொறுப்பில்ல."

தலைவர் எருமையின் அருகே குனிந்தார். "கொம்புல வரி பாத்தியா, மணி?"

"ஆங். ஏ ஒன் வரி."

எருமையின் கண் செருகியது. எனக்கு மனசு கேட்கவில்லை. தியாகம் செய்வதென்று தீர்மானித்துக் கத்தியை விரித்து, "நீங்களே அறுங்க" என்று தலைவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கைல குடுக்காதய்யா. தாம்பாளம் எங்க?"

தாம்பாளத்தில் வடை இருந்தது. வடையை மாற்றிவைக்க இலை தேடினோம்.

அதற்குள் எருமைக்குச் சொந்தக்காரியான மணியம்மை, புல்லறுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வீட்டில் அடுப்பெரிவது இந்த ஒரு மாட்டின் பாலில்தான். கையில் கருக்கருவாள், அதன் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். கலையம்சம் துளியும் இல்லை. இரண்டு இழுப்பில் கயிறு விட்டது. எருமை கொஞ்சநேரம் மூச்சு வாங்கிவிட்டு எழுந்தது. நேராகப் போய் வடையைத் தின்றது.

மணியம்மை அதன் கழுத்தைத் தடவியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இத்தினி கத்திய வச்சிகினு இன்னாய்யா பண்ணிகினு இருந்தீங்க?"

"இது வெட்றதுக்கு இல்லம்மா," என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

"பின்ன எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"அதான் எம்மாடு சாவறதையும் பாத்துகினு இருந்தீங்களா."

நடந்ததைப் பதிவுசெய்வது செயலாளனின் கடமை. அன்று மாலையே எழுதினேன்: 'எருமைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கத்திகள் அனைத்தும் நலம்.'