பக்கத்து வீட்டு மாட்டுக்கள்ளர்

தன்னுடைய வம்சம் கள்ள வம்சம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய மனிதர் சிட்னியின் பிளாக்டவுனில் ஒருவர்தான் இருந்தார். எங்களைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்து வீட்டில் வைத்தார் முருகப்பெருமான்.

நாங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்றே வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். தன் பாட்டனுக்குப் பாட்டன் அயர்லாந்தில் மாடு களவெடுத்துப் பிடிபட்டு, கால் விலங்கோடு கப்பலில் சிட்னிக்கு வந்தவர் என்றார். எங்கள் ஊரில் இப்படி ஒரு விஷயம் வெளியே வந்தால் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அந்த மாட்டைத் தன் கடிதப்பெட்டியில் படமாகக் கீறி வைத்திருந்தார். கதை சொல்லும்போது மாட்டின் நிறம் மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் மாட்டுக்கள்ளர். மகள் அதன் கருத்தை ஆங்கிலத்தில் சொன்னதும், அவருக்குப் பிடித்துப்போய்ப் பாடமாக்கிக்கொண்டார். கோயில் தேருக்கு வந்தவர், வடம் பிடித்தபடி நின்ற ஒருவரிடம் "வணக்கம், நான் மாட்டுக்கள்ளர்" என்றார். அந்த மனிதர் மெதுவாகத் தன் மணிப்பேர்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மெல்பேர்னில், பொயிண்ட் குக். பிள்ளைகள் இருவரும் விரும்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் சம்மதிப்பதுதான் பாக்கி. பரம்பரையில் சின்னக் குறை கண்டாலும் அந்த அம்மா எழும்பிப் போய்விடுவா என்று கேள்வி. என் மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டு, அவர்கள் பெண் பார்க்க வரும் சனிக்கிழமை மட்டும் வரவேண்டாம் என்று மாட்டுக்கள்ளருக்குச் சொல்ல என்னை அனுப்பினா. "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை வந்தார். எங்கள் வடைத் தட்டு ஒன்று அவரிடம் இருந்தது; விருந்தாட்கள் வரும்போது தட்டுக் குறைந்துவிடுமே என்று யோசித்தாராம். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று பழக்கியதும் என் மனைவிதான். தட்டு நிறையத் தன் மரத்தில் ஆய்ந்த தேசிக்காயோடு நின்று, "வணக்கம். நான் மாட்டுக்கள்ளர்" என்றார்.

மனைவி குசினிக்குள் போனவ, வெளியே வரவில்லை.

அந்த அம்மா தேநீரைக் கீழே வைத்தா. "ஆர் இவர்? என்ன சொல்லுறார்?"

அவர் கதிரையை இழுத்துப்போட்டு முழுக் கதையையும் தொடங்க, மகள் வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தாள். பசிக்காலம், நிலச்சொந்தக்காரனின் மாடு, கப்பல், விலங்கோடு கல்லுடைத்துப் போட்ட றோட்டு.

"அறுத்துத் திண்டவரோ?" என்று கேட்டா அம்மா.

"இல்லை அன்ரி. கையில இருந்த குழந்தை பசியில அழுததாம். ஓடுற வழியில நிண்டு பால் கறக்கேக்கைதான் பிடிபட்டவராம்."

அதோடு அவர் நிறுத்தவில்லை. பாட்டனுக்குப் பாட்டன் விடுதலையாகிச் சொந்தமாக மாடு வளர்த்த காலத்தில், அதில் ஒன்றை இன்னொருவன் களவெடுத்தான். பொலிஸ் பிடித்துக்கொண்டுவர, அது அவனுடைய மாடுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அம்மா தேசிக்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"என்ர தம்பியும் படகில வந்தவன்தான். கன காலம் முகாமில அடைச்சு வைச்சிருந்தவங்கள். சொன்னால் சம்பந்தம் குழம்பும் எண்டு உங்களுக்கு மறைச்சுப்போட்டன்."

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. "அதுக்கென்ன, அவரையும் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வந்தார். தம்பியும் மாட்டுக்கள்ளரும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. கப்பலா படகா மோசம் என்று தாலி கட்டும்வரை வாதாடினார்கள்.

போன மாதம் மாட்டுக்கள்ளருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். அர்ச்சனை செய்விக்கக் கோயிலுக்கு ஓடினேன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அந்த நேரம் பார்த்து அது வாயில் வரவில்லை. முருகனுக்கு முன்னால் மற்றதைச் சொல்ல நாக் கூசியது. நான் விழிப்பதைப் பார்த்து ஐயரே கேட்டார்.

"மாட்டுக்கள்ளருக்கோ?"

"ஓம் ஐயா."

"நட்சத்திரம்?"

"தெரியாது. என்ரையைச் சொல்லுங்கோ" என்றேன்.