ஏழாவது வரைபடத்தின் மேடு

"எளவு, இந்த மேடு எங்கேருந்துடே முளைச்சுது?" என்றார் சிவதாணு. டெக்னீஷியன் லிங்கம் தலையைச் சொறிந்தார்.

திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் சிவதாணுவுக்கு அது கடைசி வாரம். இருபது வருஷமாக அவர் பிடித்த பிடி ஒன்றுதான்: மூலக்கூறின் மேல் ஒளி பட்டால் ஒவ்வொரு எலக்ட்ரானும் தன்பாட்டுக்குத் தனியாக வெளியே வரும். ஓய்வுக்கு முன் அதைக் கட்டுரையாக்கிவிட வேண்டும். லிங்கம் அளந்த ஆறு வரைபடங்களும் வழுவழுவென்று இருந்தன. மாணவி ஜானவி அளந்த ஏழாவதில் மட்டும், நட்டநடுவே ஒரு மேடு; அந்த இடத்தில் எலக்ட்ரான்கள் திபுதிபுவென்று கொட்டியிருந்தன.

மூலக்கூறை ஆவியாக்கும் உலையைக் கழுவச் சொல்லி, பக்கத்திலேயே நின்று ஜானவியை மறுபடி அளக்க வைத்தார். மேடு உயர்ந்தது. எலக்ட்ரானை எண்ணும் உணர்கருவியை மாற்றினார். இன்னும் உயர்ந்தது.

"சார், தப்பே இல்லை. எலக்ட்ரான் எல்லாம் சேர்ந்து ஆடறது. அதுக்குத் தோதான ஒளி பட்டா நிறைய வெளியே வரும். நான் கணக்கும் போட்டுட்டேன்" என்றாள் ஜானவி.

"சேர்ந்து ஆடதுக்கு அங்கென்ன கல்யாணமா நடக்கு? ஆறு ஒண்ணு சொல்லுது, உன் ஒண்ணு வேற சொல்லுது. உனக்கு அளக்கத் தெரியல்ல மக்களே. அதை எடுத்துரு."

"அப்போ என் பேரையும் எடுத்துடுங்கோ."

எடுத்தார், பாவி மனுஷன். ஆறு படங்களோடு கட்டுரை போயிற்று. ஜானவி ஆராய்ச்சியே வேண்டாமென்று வலியசாலை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை வந்தது. அதே மூலக்கூறு, அதே இடத்தில் மேடு. காரணம்: எலக்ட்ரான்களின் கூட்டு அசைவு. சிவதாணு அதை இரண்டு தடவை படித்தார். அந்தப் பெண்ணை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஐந்து தடவை போன் செய்தார், அவள் எடுக்கவில்லை.

"லிங்கம், அவ அளந்தது மட்டும் எப்படிடே சரியா வந்துது?"

லிங்கம் தயங்கினார். "ஏழும் அப்படித்தான் சாரே வந்தது. மேடு கண்டா அது கருவியோட வெறும் இரைச்சல், தேய்ச்சு மட்டமாக்குன்னு நான் சேர்ந்த அன்னைக்கே சார் சொல்லித் தந்ததல்லே? ஜானவிக்கு மட்டும் அதை ஆரும் சொல்லிக் கொடுக்கல்ல."